தனியார் பள்ளி வேனில் பிள்ளையை அனுப்புகிறவர்களையும் கூப்பிடுங்கள்

தொடக்கக் கல்வி இயக்குநர் அவர்களுக்கு,

வணக்கம். ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினராக இருக்கிறேன். பிள்ளைகள் குறைந்த பள்ளிகளைப் பக்கத்துப் பள்ளியோடு இணைக்கப் போகிறார்கள் என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு ஓடுகிறது. வதந்தியாகவே இருக்கட்டும். ஒரு பிள்ளைகூடச் சேராத 46 பள்ளிகளை நூலகமாக்கப் போவதாக 2019இல் அறிவிப்பு வந்ததை ஊர் மறக்கவில்லை. அதனால் யார் மறுத்தாலும் பேச்சு அடங்காது. டீக்கடையில் நடக்கும் அந்தப் பேச்சைப் பள்ளிக்கூடத்துக்குள் நடத்துங்கள், அதற்குத் தனியார் பள்ளிக்கு வேனில் பிள்ளையை அனுப்புகிற பெற்றோரையும் கூப்பிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

கல்வி உரிமைச் சட்டப்படி குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். 2024இல் குழுவைத் திருத்தி அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்தீர்கள். எல்லாம் நல்லதுதான். ஆனால் அந்தப் பெற்றோர் எல்லோரும் ஏற்கெனவே பள்ளியை நம்பிப் பிள்ளையை விட்டவர்கள். பள்ளி இருக்குமா மூடுமா என்பதோ நம்பாமல் போனவர்கள் கையில் இருக்கிறது. அவர்களுக்குக் குழுவில் இடமில்லை. கிராம சபைக்கு வரலாம். அங்கே வரவு செலவு, குடிநீர், வீட்டுப் பட்டியல் எல்லாம் முடிந்து பள்ளிக்கூடம் பொருளாக வரும்போது பாதிப் பேர் எழுந்து போயிருப்பார்கள்.

குழுக் கூட்டமாவது ஒழுங்காக நடக்கிறதா என்றால், எங்களுக்கு அது வெள்ளிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு. நூறு நாள் வேலைக்குப் போன பெண்கள் வருகைப் பதிவுக்கான இரண்டாவது போட்டோ எடுக்காமல் இடத்தைவிட்டு நகர முடியாது. நகர்ந்தால் அன்றைய கூலி சிக்கலாகிவிடும். அப்புறம் என்ன, தீர்மான நோட்டு வீடு தேடி வருகிறது. அடுப்படியில் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போடுகிறார்கள். என்ன தீர்மானம் என்று கேட்டால் ஆசிரியர் தப்பாக நினைப்பாரோ என்று கூச்சம்.

வேன் வீடுகளில் நானாகப் பேசிப் பார்த்தேன். இங்கிலீஷ் மோகம் என்று நாம் ஒரு வார்த்தையில் முடித்துவிடுகிறோம். அவர்கள் சொன்னது வேறு. மூன்றரை வயதில் பிள்ளையை எங்கே விடுவது? 2019இல் எல்கேஜி, யுகேஜி தொடங்கியது நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடிகளில்தான். எங்களுடையது தொடக்கப் பள்ளி, அதனால் இங்கே அது வரவில்லை. தனியார் பள்ளியில் எல்கேஜி சேர்ந்த பிள்ளை ஒன்றாம் வகுப்புக்குத் திரும்பி வருமா? கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியில் உள்ள 25 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கட்டணமும் அரசு கணக்கு. பிள்ளையை அனுப்பி வைத்ததில் நமக்கும் பங்கு உண்டு என்று கொஞ்சம் ஒப்புக்கொள்ளலாம்.

இன்னொரு அம்மா சொன்னதுதான் என்னை யோசிக்க வைத்தது. "ஒண்ணு, ரெண்டு, மூணாம் கிளாஸ் எல்லாத்தையும் ஒரே ரூம்ல உட்கார வெச்சிருக்காங்க, டீச்சர் பத்தலபோல." எண்ணும் எழுத்தும் திட்டத்தில் வகுப்பைப் பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளை கற்ற அளவைப் பார்த்துப் பிரித்து உட்கார வைக்கிறார்கள் என்பது அவருக்கு யாரும் சொல்லாத சேதி. ஜன்னல் வழியாகப் பார்த்து அவரே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். அதே சமயம், அவர் சொன்னது முழுத் தப்பும் இல்லை. 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்தான் என்பது விதி. ஐந்து வகுப்புக்கு இரண்டு பேர். அதில் ஒருவர் தலைமையாசிரியர், பயிற்சிக்கும் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கும் பிள்ளைகள் விவரத்தை இணையத்தில் ஏற்றும் எமிஸ் பதிவுக்கும் அவர்தான் போக வேண்டும். அன்றைக்குப் பள்ளியில் மிஞ்சுவது ஒரு டீச்சர். எண்ணிக்கை குறைகிறது என்று எங்களைக் கேட்கும் துறை, இதைத் தன்னிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஆகஸ்ட் 1ஆம் தேதி இருக்கிற பிள்ளைகளை வைத்துத்தான் ஆசிரியர் பணியிடம் நிர்ணயம் ஆகிறது, உபரி என்றால் பணிநிரவலில் வேறு பள்ளிக்குப் போய்விடுவார்கள் என்பதும் ஊரில் யாருக்கும் தெரியாது. டீச்சர் மாறிப் போன பிறகு மனு எழுதுவோம்.

அதனால் வருடத்துக்கு ஒரு கூட்டம் கேட்கிறேன். பொங்கலுக்கு முன்னால் வேண்டும். அதற்கப்புறம் தனியார் பள்ளிகள் சேர்க்கையைத் தொடங்கிவிடும், நீங்கள் மார்ச்சில் மாணவர் சேர்க்கைப் பேரணி வைத்துப் பலனில்லை. நேரம் இரவு ஏழு மணி, இடம் பள்ளி முற்றம். பிள்ளை எங்கே படித்தாலும் வரலாம். வட்டாரக் கல்வி அலுவலர் வந்து, எத்தனை பிள்ளைகள், எத்தனை பணியிடம், இணைப்புத் திட்டம் உண்டா இல்லையா என்பதை முதலில் சொல்லிவிட்டு, பிறகு கேட்டுக்கொண்டு உட்காரட்டும். சொன்னதை நோட்டில் எழுதிப் படித்துக் காட்டியபின் கையெழுத்து வாங்குங்கள். இணைப்பது என்று முடிவானாலும் அந்தக் கூட்டத்துக்கு அப்புறம் முடிவாகட்டும்.

கல்விச் சீர் என்று தாம்பாளத்தில் நோட்டும் பீரோவும் ஃபேனும் மேளத்தோடு கொண்டுவரும் ஊர் இது. மைக் செட்டும் டீயும் எங்கள் பொறுப்பு. டிசம்பரில் ஒரு தேதி மட்டும் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்