ஞாயிற்றுக்கிழமை கேண்டில்: தரகு நிறுவனத்தின் மென்பொருள் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். உங்கள் வணிக மென்பொருளின் அண்மைய புதுப்பிப்பைப் பற்றி நான் மூன்று முறை எழுதியதும், மூன்று முறையும் "மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடியும் நிறுவிப் பாருங்கள்" என்ற ஒரே பதில் வந்ததும் உங்கள் கோப்பில் இருக்கும் என்பதால் அந்தக் கதையை இங்கே விரிக்கவில்லை. மூன்று முறையும் நிறுவினேன். செம்பனை எண்ணெயைப் பின்னொரு மாதத்தில் ஒப்படைக்க இன்றே விலை பேசும் முன்பேர ஒப்பந்தத்தின் தினசரி வரைபடத்தில் ஞாயிற்றுக்கிழமைக்கென்று ஒரு கேண்டில், அதாவது ஒரு நாளின் விலைகளைக் காட்டும் கட்டை, இன்னமும் நின்றுகொண்டிருக்கிறது. இந்த ஒப்பந்தம் கைமாறும் புர்சா மலேசியா சந்தை ஞாயிற்றுக்கிழமைகளில் திறப்பதில்லை என்பதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தக் கேண்டில் எங்கிருந்து முளைத்தது என்று கண்டுபிடிக்க எனக்கு நான்கு இரவுகள் பிடித்தன. நான் தோட்டத்தில் கிராணியாக, அதாவது கணக்கெழுத்தராக, இருந்து ஓய்வுபெற்றவன். செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் ஓர் ஆளுடைய அரைநாள் கூலி இடம் மாறி ஏறிவிட்டால்கூட அதைத் தேடி எடுக்காமல் வீட்டுக்குப் போகாத பழக்கம் இன்றும் விடவில்லை. ஒவ்வொரு நாளும் மாலை 6 மணிக்குச் சந்தை அடைத்ததும் மூன்றாம் மாத ஒப்பந்தத்தின் தொடக்கம், உச்சம், தாழ்வு, முடிவு ஆகிய நான்கு விலைகளையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கிறேன். அந்த நோட்டையும் உங்கள் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு மணிநேரக் கேண்டில்களை ஒவ்வொன்றாக எண்ணியபோதுதான் விஷயம் பிடிபட்டது: உங்கள் மென்பொருள் எங்கள் நாளை நியூயார்க் நள்ளிரவில் வெட்டுகிறது.

அமெரிக்காவில் கோடைகால நேரம் நடப்பிலுள்ள மாதங்களில் அங்கே நள்ளிரவு ஆகும்போது இங்கே நண்பகல் 12 மணி. திங்கட்கிழமை காலை 10.30க்குத் தொடங்கும் வணிகத்தின் முதல் ஒன்றரை மணிநேரம் ஞாயிறாகிவிடுகிறது. மிச்சமுள்ள அரைமணிநேரமும் பிற்பகலும் திங்களாகின்றன. அந்தத் திங்களுக்குள் செவ்வாய்க்கிழமைக் காலையும் வந்து ஒட்டிக்கொள்கிறது. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைப் பின்னோக்கித் திருப்பியதும் வெட்டு பிற்பகல் 1 மணிக்கு நகர்ந்து, காலை வணிகம் முழுவதும் முந்தைய நாளுக்குப் போய்விடும். கடிகாரத்தை மாற்றாத நாட்டில் இருந்துகொண்டு ஆண்டுக்கு இரண்டு முறை எங்கள் நாள் இடம் பெயர்வதை நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

வாரத்துக்கு ஐந்து கேண்டில் இருக்க வேண்டிய இடத்தில் ஆறு இருப்பதால் 20 நாள் சராசரி என்று நீங்கள் வரையும் கோடு நான்கு வாரத்தின் சராசரி அல்ல, மூன்று வாரமும் கொஞ்சமும். அந்தக் கோட்டை நம்பித்தான் என் தங்கை மகன் எப்போது வாங்குவது, எப்போது விற்பது என்ற தன் விதிமுறையைப் பழைய விலைகளில் சோதித்துக்கொண்டிருந்தான். ஒரு ரிங்கிட் அசைந்தால் ஓர் ஒப்பந்தத்துக்கு 25 ரிங்கிட் கூடவோ குறையவோ செய்யும் சந்தையில், இல்லாத நாளின் கணக்கை வைத்து ஒரு பையன் பணம் போடுவதை விளையாட்டாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

ஆகவே என் கோரிக்கை: பழைய விலைகளை மலேசிய நேரப்படி, ஒப்பந்த மாதவாரியாக, குறையின்றித் தாருங்கள்.

மாதவாரியாக என்று கேட்பதற்கும் காரணம் இருக்கிறது. ஒரு மாதத்துக்குரிய ஒப்பந்தம் முடிந்து அடுத்ததற்கு மாறும்போது, 4,000 ரிங்கிட்டில் நின்ற பழையதையும் 3,940இல் நிற்கும் புதியதையும் அப்படியே ஒட்டித் தொடர் வரைபடம் என்று காட்டுகிறீர்கள். எவருக்கும் நேராத 60 ரிங்கிட் சரிவு, ஒப்பந்தத்துக்கு 1,500 ரிங்கிட், சோதனைக் கணக்கில் நட்டமாக ஏறுகிறது. தனித்தனி மாதங்களின் விலை கையில் இருந்தால் அதை நாங்களே சரிசெய்துகொள்வோம். குறையின்றி என்பதற்கு அதிக விளக்கம் தேவையில்லை: 2022 ஏப்ரல் 28இல் இந்தோனேசியா ஏற்றுமதியைத் தடுத்த வாரங்களும், 2008 மார்ச்சில் 4,000 ரிங்கிட்டைத் தாண்டிய விலை அக்டோபருக்குள் 1,500க்குக் கீழே விழுந்த மாதங்களும் இல்லாத இரண்டாண்டுத் தரவில் எந்த விதிமுறையும் வெற்றிபெறும்.

புதுப்பிப்புக்கு முன்பு நேர மண்டலத்தை நாங்களே தேர்ந்தெடுக்க அமைப்புகளில் ஓர் இடம் இருந்தது. அதை எடுத்துவிட்டு, வரைபடத்தின் பின்னணிக்குப் பதினாறு நிறங்கள் கொடுத்திருக்கிறீர்கள். தவறான விலையை இளஞ்சிவப்பிலும் பார்க்கலாம் என்ற வசதிக்கு நன்றி.

நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமான தென்னமரம் 1917இல் தொடங்கியது எங்கள் ஊர்ப் பக்கம்தான். பழையவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் இந்த ஊரில் குலை வெட்டியவர்களுக்கும் சுமந்தவர்களுக்கும் அதன் விலை யாரோ எங்கோ முடிவு செய்வதாகவே இருந்தது. அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அந்த விலையைத் தாங்களே திரையில் படிக்கும் காலம் வந்தும், திங்கட்கிழமை எது என்பதை நியூயார்க்கைக் கேட்டுச் சொல்கிறீர்கள். தோட்டப்புறத்தானுக்கு இவ்வளவு போதும் என்று நினைத்தீர்களோ என்னவோ. கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய விலைகளை மலேசிய நேரப்படி, ஒப்பந்த மாதவாரியாக, குறையின்றித் தருமாறு மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அதற்கு நாளாகும் என்றால் முதலில் அந்த நேர மண்டலத் தேர்வையாவது பழைய இடத்தில் திரும்ப வையுங்கள். அதைச் செய்யும்போது 2021 டிசம்பரில் தொடங்கிய இரவு நேர வணிகம், அதாவது 9 மணி முதல் 11.30 வரை நடப்பது, மறுநாள் கணக்கில் சேர வேண்டும் என்பதையும் உங்கள் நிரலாளர்களுக்கு நினைவூட்டுங்கள். என் நோட்டின் கடைசி ஆறு வாரப் பக்கங்களைப் படமெடுத்து உங்கள் மின்னஞ்சலுக்குத் தனியே அனுப்பியிருக்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்க அரைமணிநேரம் போதும். மறுபடி நிறுவத் தேவையில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி,
பெஸ்தாரி ஜெயா, சிலாங்கூர்