ஜெராக்ஸ் கடை அண்ணனுக்கும் மற்ற எல்லோருக்கும்

எல்லோருக்கும் வணக்கம்.

வீட்டுக்கு வந்துவிட்டேன். கழுத்தில் தண்டுவடம் அடிபட்டுக் கிடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். கழுத்து அசையாமல் பலகையில் கிடத்தித் தூக்கிய 108 ஊழியர்கள், ராத்திரியிலும் ரத்தம் கொடுக்க வந்து நின்ற பசங்க, கேட்காமலே பணம் அனுப்பிய சொந்தபந்தம், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட்டு முதுகில் ஒரு புண்கூட வராமல் காத்த அம்மாவும் நர்ஸ் அக்காக்களும், வேலூர் பாகாயம் ரீஹாப் (மறுவாழ்வு சிகிச்சை மையம்) டாக்டர்கள், தெரபிஸ்டுகள் எல்லோருக்கும் நன்றி. உங்களால்தான் இருக்கிறேன்.

ஒருவரைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும்.

எனக்கு அடி சி6-இல், அதாவது கழுத்துத் தண்டுவடத்தின் ஆறாவது நரம்பு மட்டத்தில். முழங்கை மடங்கும், மணிக்கட்டு மேலே தூக்கும், விரல் அசையாது. "நரம்பு எப்ப வளரும்?" என்று பார்க்கிற டாக்டரிடமெல்லாம் கேட்டேன். கையில் அறுந்த நரம்பு நாளுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் வளருமாம். தண்டுவடத்துக்குள் அறுந்த இழை அப்படி வளராது. வீக்கம் வடிந்து, தப்பிய இழைகள் கிளைவிட்டு வேலையை எடுத்துக்கொண்டால் அசைவு திரும்புவது உண்டு. பெரும்பாலும் முதல் 6 மாதத்தில் வருவதுதான் அதிகம், அப்புறம் மெதுவாகிவிடும் என்றார்கள். அதைக் கேட்ட பிறகு காலண்டர் பக்கமே திரும்பப் பிடிக்கவில்லை. ஒருநாள் கால் தானாகத் துள்ளியதும் அம்மா குலசாமிக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்துவிட்டாள். அது மூளை சொல்லி வந்த அசைவு இல்லை, தண்டுவடம் தன்னிச்சையாக உதறுவது என்று டாக்டர் பக்குவமாக எடுத்துச் சொன்னார்.

அந்த வாரம்தான் ஜெராக்ஸ் கடை அண்ணன் வந்தார். செக்கப்புக்கு வந்தவர், சக்கர நாற்காலி, அவருக்கும் சி6. என் கட்டிலோரம் வண்டியை நிறுத்தி, "தம்பி, தண்ணி குடிக்கிறியா?" என்றார். நான் அம்மாவைக் கூப்பிட வாயெடுத்தேன். "அவங்க இருக்கட்டும். இங்க பாரு."

மணிக்கட்டைத் தொங்கவிட்டார், விரல்கள் திறந்துகொண்டன. பிளாஸ்டிக் டம்ளருக்குக் குறுக்கே கையைக் கொடுத்து மணிக்கட்டைத் தூக்கினார். செயலிழந்த அதே விரல்கள் மெல்ல மடங்கி டம்ளரைப் பிடித்துக்கொண்டன. தசைநாரின் இழுப்பு மட்டும்தான், வேறொன்றும் இல்லை. தெரபிஸ்ட் இதை முன்பே சொல்லிப் பயிற்சியும் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆனால் அதே கையோடு ஊரில் ஜெராக்ஸ் கடை நடத்துகிற மனுஷன் செய்துகாட்டியபோதுதான் என் மனசு நம்பியது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலின் பக்கவாட்டுக்கும் நடுவே தாளைச் செருகி எடுக்கவும் காட்டினார். அம்மாவிடம், "விரலையும் மணிக்கட்டையும் ஒண்ணா நிமிர்த்தி நீவிடாதீங்கம்மா. விரலை நிமிர்த்தினா மணிக்கட்டு தொங்கட்டும். இந்த இறுக்கம்தான் தம்பிக்குப் பிடி" என்றார்.

இதற்குள் அவருடைய டோக்கனைக் கூப்பிட்டு முடித்துவிட்டார்கள். முகம் சுளிக்காமல் கடைசி ஆளாகப் போய்க் காத்திருந்தார். அண்ணே, அதை என்றைக்கும் மறக்க மாட்டேன்.

அந்த ரீஹாப் உருவாகக் காரணமான டாக்டர் மேரி வர்கீஸும் 1954-இல் விபத்தில் தண்டுவடம் அடிபட்டவர்தான். சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். இங்கே ஒருவர் வலியை இன்னொருவர் அறிந்து கைகொடுப்பது அவர் போட்ட வழி என்றே நினைக்கிறேன்.

இப்போது வலது கையை நீட்டுகிற தசையில் லேசாகத் துடிப்பு தெரிகிறது. வரட்டும். வராவிட்டாலும் காலையில் காபியை என் கையாலேயே குடிக்கிறேன். விரலில் சூடு தெரியாததால் ஆறவைத்துத்தான்.

நம் பக்கத்தில் யாராவது மரத்திலிருந்தோ சாரத்திலிருந்தோ விழுந்து கழுத்தில் அடிபட்டு, கை வராமல் படுத்திருந்தால் எனக்கு ஒரு போன் போடுங்கள். வீட்டார் விரலை நீவ ஆரம்பிக்கும் முன்பே சொல்லுங்கள், எந்த ஊரானாலும் வண்டி பிடித்து வருகிறேன்.