சிறிய மைதானங்களுக்கும் ஒருமுறை வாருங்கள்

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் தலைவர்களுக்கும் விளையாட்டுத் துறை இயக்குநர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் வளாகங்களில் தமிழர்கள் படிக்கிறார்கள், பாடம் நடத்துகிறார்கள், ஆய்வுக்கூடங்களில் இரவு முழுக்க விழித்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது இதை உங்களிடம் கொண்டுவந்து சேர்ப்பார் என்ற நம்பிக்கையில் என் மொழியிலேயே எழுதுகிறேன். கால்பந்து அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரைத் தேடும்போது சிறிய கல்லூரிகளில் வென்றவர்களையும் பாருங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

2005 ஆகஸ்டில் முதுகலை படிக்க இந்தியானா மாநிலத்தின் புளூமிங்டனில் இருக்கும் இந்தியானா பல்கலைக்கழகத்துக்கு வந்தவன் நான். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதற்குப் பெயர் கால்பந்தா என்று திகைத்த எனக்கு, அந்த ஆட்டத்தைவிட அதைச் சுற்றியிருந்த அலுப்புதான் முதலில் புரிந்தது. சனிக்கிழமைகளில் மக்கள் மைதானத்துக்கு வெளியே கூடாரம் போட்டு இறைச்சி சுட்டுச் சாப்பிடுவார்கள். ஆட்டம் தொடங்கினாலும் பாதிப் பேர் உள்ளே போக மாட்டார்கள். போய் என்ன ஆகப்போகிறது? தோற்கத்தானே போகிறோம்.

அந்த ஆண்டில்தான் டெரி ஹெப்னர் அங்கே தலைமைப் பயிற்சியாளராக வந்தார். இந்தியானா மண்ணிலேயே பிறந்தவர். பயிற்சித் திடலில் கிடந்த சுண்ணாம்புப் பாறை ஒன்றை மைதானத்துக்குள் கொண்டுவந்து வைத்தார். வீரர்கள் அதைத் தொட்டுவிட்டுத்தான் ஆட இறங்குவார்கள். இரண்டே பருவங்கள். மூளையில் கட்டி வந்து 2007 ஜூனில் இறந்துபோனார், வயது 59. அந்த இலையுதிர்காலத்தில் அவர் ஆசைப்பட்டபடியே அணி, பருவத்தின் வழக்கமான பன்னிரண்டு ஆட்டங்களைத் தாண்டிப் பதின்மூன்றாவது ஆட்டமும் ஆடியது. 1993க்குப் பிறகு பருவ முடிவுக் கோப்பை ஆட்டம் ஒன்றுக்கு இந்தியானா தகுதி பெற்றது அப்போதுதான். நான் இந்த ஆட்டத்தை நேசிக்கத் தொடங்கியதும், அணியின் ஓரத்தில் நிற்கும் அந்த ஒரு மனிதரைக் கவனிக்கத் தொடங்கியதும் அவரால்தான்.

அதன் பிறகு பதினாறு ஆண்டுகள் பெரும்பாலும் பழைய கதைதான். 2023இல் மூன்று வெற்றி, ஒன்பது தோல்வி. அன்றைய கணக்கில், கல்லூரிக் கால்பந்தின் முதல்தரப் பிரிவில் மிக அதிகத் தோல்விகளைச் சுமந்த அணி எங்களுடையது. அந்த நவம்பர் 30ஆம் தேதி பல்கலைக்கழகம் கர்ட் சிக்னெட்டி என்ற 62 வயதுக்காரரை நியமித்தபோது, நான் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை. அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். அவர் வந்த பாதையைத்தான் உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

பாதை தந்தையிடமிருந்து தொடங்குகிறது. ஃபிராங்க் சிக்னெட்டி 1976இல் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் தலைமைப் பயிற்சியாளரானார். பெயர்பெற்ற பயிற்சியாளர் பாபி பௌடன் விட்டுச்சென்ற இடம். நான்கு பருவங்களில் 17 வெற்றி, 27 தோல்வி. நடுவில் அரிய வகைப் புற்றுநோய். உயிர் பிழைத்தார், வேலை பிழைக்கவில்லை. 1979 முடிவில் அனுப்பிவிட்டார்கள். உங்கள் கோப்புகளில் அவர் தோற்றுப்போனவர். ஆனால் அவர் பென்சில்வேனியா இந்தியானா பல்கலைக்கழகத்துக்குப் போனார். பென்சில்வேனியாவில் இந்தியானா என்றே பெயர் கொண்ட சிற்றூரில் இருக்கும் இரண்டாம் பிரிவுக் கல்லூரி அது. 1986 முதல் 2005 வரை அங்கே பயிற்சியளித்து 182 ஆட்டங்களை வென்றார். தோல்வி 50, சமன் ஒன்று. 2013இல் அவரைக் கல்லூரிக் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் சேர்த்தார்கள். அதே மனிதர், அதே கைகள். நேரமும் இடமும் மட்டுமே மாறியிருந்தன.

மகன் மேற்கு வர்ஜீனியாவில் குவார்ட்டர்பேக்காக, அதாவது அணியின் தாக்குதலை நடத்திச் செல்லும் வீரராக, ஆடியவர். 1983இல் பிட்ஸ்பர்க்கில் கடைநிலை உதவியாளராகச் சேர்ந்தார். இந்தத் தொழிலில் எல்லோரும் ஏறும் முதல் படி அது. எதிரணியின் ஆட்டப் படங்களை வெட்டி ஒட்டி, அட்டைகளில் வியூகம் வரைந்து, விடியலுக்கு முன் வந்து நள்ளிரவில் திரும்பும் வேலை. பிறகு டேவிட்சன், ரைஸ், டெம்பிள், மறுபடி பிட்ஸ்பர்க், வட கரோலைனா மாநிலப் பல்கலைக்கழகம். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு வீடு காலி செய்யப்பட்டிருக்கும், பிள்ளைகள் பள்ளி மாறியிருப்பார்கள். 2007இல் அலபாமாவில் புகழ்பெற்ற தலைமைப் பயிற்சியாளர் நிக் சேபனின் முதல் குழுவில் இடம் கிடைத்தது. பந்து பிடிக்கும் வீரர்களுக்குப் பயிற்சி, புதிய மாணவர்களைத் தேடிச் சேர்க்கும் பொறுப்பு. 2009 பருவத்தில் தேசிய வாகையர் பட்டமும் வந்தது.

இங்கேதான் நான் நின்று நின்று படித்தேன். 49 வயது. இருபத்தேழு ஆண்டுகளாகத் துணைப் பயிற்சியாளர். நாட்டிலேயே மதிப்பு மிக்க குழுவில் நல்ல சம்பளம். 2011 ஜனவரியில் அதை உதறிவிட்டு, சம்பளம் பெரிதும் குறைய, தந்தை இருபது பருவங்கள் நின்ற அதே சிற்றூர் மைதானத்துக்குத் தலைமைப் பயிற்சியாளராகப் போனார். நம் ஊரில் ஒருவர் தலைமைச் செயலக வேலையை விட்டுவிட்டுக் கிராமப் பள்ளிக்குத் தலைமையாசிரியராகப் போனால் சுற்றம் என்ன சொல்லும்? அதைத்தான் அன்று பலரும் சொல்லியிருப்பார்கள்.

அந்தக் கிராமப் பள்ளியில் அவர் கற்றது என்ன என்பதை நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். இரண்டாம் பிரிவில் ஓர் அணி முழுமைக்கும் 36 உதவித்தொகைகள்தாம் அனுமதி. அதைத் துண்டு துண்டாகப் பிரித்து யாருக்குப் பாதி, யாருக்குக் கால் என்று முடிவு செய்ய வேண்டும். பெரிய அணியில் தாக்குதலுக்கு ஓர் ஒருங்கிணைப்பாளர், தடுப்புக்கு ஒருவர், உணவுக்கு ஒருவர், உடற்பயிற்சிக்கு ஒருவர் என்று படையே இருக்கும். சிறிய கல்லூரியில் கைவிரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். மாணவன் தேர்வில் தவறினாலும், ஒரு தாய் இரவில் தொலைபேசியில் அழுதாலும், பஸ் பழுதானாலும் எல்லாம் ஒரே மேசைக்கு வரும். எல்லாவற்றுக்கும் மேலாக ஆட்டத்தின் அந்தக் கணம் இருக்கிறது. நான்கு முயற்சிகளுக்குள் பத்து கஜம் முன்னேற வேண்டிய ஆட்டம் இது. நான்காவது முயற்சி, ஒரு கஜம் மிச்சம். ஓடுவதா, பந்தை உதைத்துக் கொடுத்துவிடுவதா? துணைப் பயிற்சியாளர் ஆலோசனை சொல்லலாம். தலைமைப் பயிற்சியாளர் தீர்ப்புச் சொல்ல வேண்டும், மறுநாள் அதற்குப் பதிலும் சொல்ல வேண்டும். இருபத்தேழு ஆண்டு ஆலோசனை சொன்னாலும் ஒருமுறை தீர்ப்புச் சொன்ன அனுபவம் வராது.

மீதியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த ஊரில் ஆறு பருவங்களில் 53 வெற்றி, 17 தோல்வி. 2017இல் எலான் பல்கலைக்கழகம்: முந்தைய பருவத்தில் இரண்டே ஆட்டங்களை வென்றிருந்த அணி, அவர் வந்த ஆண்டே எட்டு வென்றது. அடுத்த ஆண்டு ஜேம்ஸ் மேடிசன் அணியை அதன் சொந்த மண்ணில் வீழ்த்தினார். பருவம் முடிந்ததும் ஜேம்ஸ் மேடிசனே அவரை அழைத்துக்கொண்டது. தோற்கடித்தவரைத் தேடிப்போய் வேலை கொடுத்த அந்த நிர்வாகத்தின் மீது எனக்குத் தனி மரியாதை உண்டு. அங்கே ஐந்து பருவங்களில் 52 வெற்றி, 9 தோல்வி. பிறகு எங்கள் இந்தியானா. வந்த சில வாரங்களில் செய்தியாளர்கள் கேட்டபோது, “நான் ஜெயிப்பவன். கூகுளில் தேடிப் பாருங்கள்” என்றார். பலர் அதை அகந்தை என்றார்கள். எனக்கு அது, நாற்பது ஆண்டுகள் யாரும் தேடிப் பார்க்காத ஒருவரின் குரலாகக் கேட்டது.

2024இல் 11 வெற்றி. அணியின் வரலாற்றில் பத்தைத் தொட்டதே அதுதான் முதல் முறை. 2025 பருவத்தில் ஒரு தோல்விகூட இல்லை. ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தை 13-10 என வென்று, எங்கள் அணி ஆடும் பிக் டென் கூட்டமைப்பின் பட்டம், குவார்ட்டர்பேக் ஃபெர்னாண்டோ மெண்டோசாவுக்கு ஆண்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருது, தேசியப் பட்டத்துக்கான காலிறுதியான ரோஸ் போல் ஆட்டத்தில் சிக்னெட்டியின் பழைய அலபாமாவின் மீது 38-3. 2026 ஜனவரி 19 அன்று மயாமிக்கு எதிரான இறுதி ஆட்டத்தின் கடைசிப் பகுதியில், நான்காவது முயற்சியில் உதைத்து மூன்று புள்ளி எடுக்கலாம் என்ற நிலை வந்தது. சிக்னெட்டி துணிந்தார். மெண்டோசா பந்தோடு 12 கஜம் ஓடி எல்லைக்கோட்டைத் தாண்டினார். 27-21. பதினாறு ஆட்டம், பதினாறு வெற்றி. நான் ஹெப்னரின் பாறையை நினைத்து அழுதேன். அந்தத் துணிவு அன்றிரவு பிறந்ததல்ல என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. சில ஆயிரம் பேர் மட்டுமே பார்த்த சனிக்கிழமைகளில் பழகிய துணிவு அது.

இது ஒரு மனிதரின் அதிர்ஷ்டம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். லேன்ஸ் லைபோல்ட் விஸ்கான்சின்-வைட்வாட்டரில் எட்டுப் பருவங்களில் 109 வெற்றி, 6 தோல்வி, மூன்றாம் பிரிவின் ஆறு தேசியப் பட்டங்கள் பெற்றவர். அந்தப் பிரிவில் விளையாட்டுக்கென்று உதவித்தொகையே கிடையாது. அவரைத்தான் கேன்சஸ் 2021இல் அழைத்தது; 2008க்குப் பிறகு கோப்பை ஆட்டத்தையே காணாத அணியை அடுத்த ஆண்டே அங்கே கொண்டுபோனார். கேலன் டிபோர் தெற்கு டகோட்டாவின் சூ ஃபால்ஸ் என்ற சிறிய கல்லூரியில் 67 வென்று 3 தோற்றவர். அதற்குப் பின்னும் பத்தாண்டுகள் அவர் பல இடங்களில் துணைப் பயிற்சியாளராக இருந்த பிறகே முதல்தரப் பிரிவில், ஃப்ரெஸ்னோ மாநிலப் பல்கலைக்கழகத்தில், தலைமை கிடைத்தது. 67-3 என்ற கணக்கை வைத்துக்கொண்டு பத்தாண்டுகள்!

சிறிய கல்லூரியிலிருந்து வருபவர் எல்லோரும் வெல்வார் என்று நான் சொல்லவில்லை. ஹெப்னருக்குப் பின் வந்த பில் லிஞ்ச் சிறிய கல்லூரிகளில் தலைமை வகித்தவர்தான். எங்களிடம் 19 வென்று 30 தோற்றார். நல்ல மனிதர். ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் கர்பி ஸ்மார்ட் போல, தலைமை அனுபவமே இல்லாமல் ஒருங்கிணைப்பாளர் நாற்காலியிலிருந்து நேரே வந்து பட்டங்கள் குவித்தவரும் இருக்கிறார். எந்தப் பாதையும் உத்தரவாதம் தராது. ஆனால் ஒரு பாதையில் வருபவரை நீங்கள் பார்ப்பதே இல்லை என்பதுதான் என் குறை.

அந்தப் பார்வைக் குறைவு சிலரைக் கூடுதலாகக் காயப்படுத்தியிருக்கிறது. எடி ராபின்சன் கறுப்பினத்தவர். லூயிசியானாவில், கறுப்பின மாணவர்களுக்கென்று தொடங்கப்பட்ட கிராம்ப்ளிங் கல்லூரியில் 1941இல் பயிற்சியாளரானார், 1997இல் ஓய்வு பெற்றார், 408 வெற்றிகள். முதல்தரப் பிரிவுப் பல்கலைக்கழகம் ஒன்று கறுப்பினத்தவர் ஒருவரைத் தலைமைப் பயிற்சியாளராக நியமித்தது 1979இல்தான், விச்சிட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வில்லி ஜெஃப்ரிஸ். அதற்குள் ராபின்சன் தொடங்கி 38 ஆண்டுகள் கடந்திருந்தன. அது பழைய காலம் என்பீர்கள். வில்லி சிமன்ஸ் 2023இல் ஃபுளோரிடா ஏ அண்ட் எம் கல்லூரிக்குக் கறுப்பினக் கல்லூரிகளின் வாகையர் பட்டத்தை வென்றுகொடுத்தார். அடுத்து அவர் போனது டியூக்கில் துணைப் பயிற்சியாளர் பதவிக்கு. ஓராண்டு ஒரு படி கீழே இறங்கி நின்ற பிறகே ஃபுளோரிடா இன்டர்நேஷனலில் தலைமைப் பதவி வந்தது. வென்றவர் ஏன் இறங்கி ஏற வேண்டும்?

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 நவம்பரில், சிக்னெட்டியை இந்தியானா நியமித்த அதே மாதத்தில், டெக்சஸ் ஏ அண்ட் எம் தன் பயிற்சியாளர் ஜிம்போ ஃபிஷரை நீக்கியது. வேலை செய்யாமல் இருக்க அவருக்குத் தரவேண்டிய தொகை ஏறத்தாழ 7.6 கோடி டாலர். எங்கள் பல்கலைக்கழகமும் சிக்னெட்டிக்கு முன்பிருந்த பயிற்சியாளர் டாம் ஆலனை அனுப்பப் பெருந்தொகை கொடுத்தது; நான் அதை மறைக்கவில்லை. மாணவர்களிடம் கட்டணமும் முன்னாள் மாணவர்களிடம் நன்கொடையும் கேட்கும் நிறுவனங்கள் இவை. ஆண்டுதோறும் எனக்கும் அந்தக் கடிதம் வருகிறது, நானும் கொடுக்கிறேன். கேட்கும் உரிமை அதனால் எனக்கு இருக்கிறது: சில நாட்களுக்குள், முகவர்களும் ஆள்தேடும் நிறுவனங்களும் நீட்டும் அதே ஐந்தாறு பெயர்களிலிருந்து ஒருவரை எடுத்து, பத்தாண்டு ஒப்பந்தம் எழுதும் அவசரம் ஏன்?

என் வேலையிலும் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு உண்டு. பெரிய நிறுவனத்தின் பெயர் இருக்கும் விண்ணப்பம் தானாகவே மேலே வந்துவிடும். அந்தக் கையை நிறுத்திவைக்கப் பழக வேண்டியிருக்கிறது. நீங்களும் பழகுங்கள் என்று கேட்கிறேன். அடுத்த முறை பட்டியல் போடும்போது, இரண்டாம், மூன்றாம் பிரிவுகளிலும் கறுப்பினக் கல்லூரிகளிலும் ஐந்தாண்டுகளுக்கு மேல் தலைமை வகித்து வென்றவர்களில் குறைந்தது இருவரையாவது நேரில் அழைத்துப் பேசுங்கள். நேர்காணலில், அவர்கள் வென்ற ஆட்டங்களை விட்டுவிட்டு, 36 உதவித்தொகைகளை எப்படிப் பிரித்தார்கள் என்று கேளுங்கள்.

அதற்கு முன் ஒரு காரியம். வரும் இலையுதிர்காலத்தில் ஒரு சனிக்கிழமை, உங்கள் துறையிலிருந்து ஒருவரைப் பென்சில்வேனியாவின் அந்த இந்தியானாவுக்கு அனுப்புங்கள். ஃபிராங்க் சிக்னெட்டியின் பெயர் தாங்கிய திடலின் ஓரத்தில் நின்று பார்க்கட்டும். நான்காவது முயற்சி, ஒரு கஜம் மிச்சம் என்று வரும்போது பந்தைப் பார்க்க வேண்டாம். அந்தப் பக்கத்தில் இருக்கும் அத்தனை இளைஞர்களும் திரும்பிப் பார்க்கும் அந்த ஒரு முகத்தைப் பார்த்து, பெயரைக் குறித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

அன்புடன்,
புளூமிங்டனின் பழைய மாணவன் ஒருவன்