சோள மாவுக்குக் கொதிநீர்தான்

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய சோள ரொட்டிப் படத்தைப் பார்த்தேன். ஓரமெல்லாம் வெடித்திருக்கிறது. கோதுமை மாவை இழுத்துப் பிடிக்கிற குளூட்டன் சோளத்தில் கிடையாது. பச்சைத் தண்ணீர் விட்டு எவ்வளவு நேரம் பிசைந்தாலும் பிடிப்பு வராது. கொதிநீர் பட்டு மாவு கொஞ்சம் வெந்தால்தான் ஒட்டும்.

ஒரு கப் மாவுக்கு முக்கால் கப் தண்ணீர், உப்புப் போட்டுத் தளதளவென்று கொதிக்கட்டும். அடுப்பை அணைத்து மாவைக் கொட்டிக் கிளறி, ஐந்து நிமிஷம் மூடி வை. கை பொறுக்கும் சூட்டிலேயே உள்ளங்கை அடிப்பகுதியால் அழுத்தித் தேய்த்துப் பிசை. உருட்டித் தட்டினால் ஓரம் பிளக்கிறதா? இன்னும் கொஞ்சம் வெந்நீர் தெளி. கல் நன்றாகக் காய்ந்ததும் ரொட்டியைப் போட்டு, மேலே ஒட்டிய வறட்டு மாவு மறையும்படி ஈரக்கையால் தடவு. அந்த ஈரப் பளபளப்பு அடங்கியதும் திருப்பிவிடு. முழுக்கக் காயவிட்டால் வெடிக்கும். மறுபக்கம் வெந்தபின் நேரடித் தீயில் காட்டினால் உப்பும்.

இதெல்லாம் சரியாகச் செய்தும் வெடித்தால் மாவு பழசு. நாள்பட்ட மாவில் பிடிப்பு குறையும், கசப்பும் தட்டும். பாக்கெட் மாவை விட்டுத் தள்ளு. நீ இருப்பது புனே. சோலாப்பூர்ப் பக்கத்து மால்தண்டி ஜ்வாரி என்கிற சோள ரகம் அங்கே கிடைக்கும். இரண்டு கிலோ வாங்கி, பதினைந்து நாளைக்கு ஆகும் அளவு மட்டும் அரைத்துக்கொள்.

தினமும் ரொட்டி தட்ட நேரம் ஏது? சோள நொய் ஒரு கப்பை அரைமணி ஊறவைத்து, நாலு கப் தண்ணீரில் குக்கரில் ஐந்து விசில் விட்டால் சோறு. முழுச் சோளம் என்றால் ராத்திரியே ஊறப்போட வேண்டும். அப்படியும் நறுக்கென்றுதான் இருக்கும், சுண்டலுக்குத்தான் லாயக்கு. சோளச்சோற்றுக்குக் கீரைக் கடைசலோ பச்சைப்பயறுக் கடைசலோ சேர்த்துக்கொள். சோளப் புரதத்தில் லைசின் என்கிற அமினோ அமிலம் குறைவு, பயறு அதை ஈடுகட்டும். வெறும் ரசம் ஊற்றிச் சாப்பிட்டு, சத்தான சாப்பாடு என்று நினைத்துவிடாதே.

தோசைக்கு மூன்று பங்கு சோளம், ஒரு பங்கு இட்லி அரிசி, முக்கால் பங்கு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். சோளம் மட்டும் எட்டு மணி நேரம் ஊறட்டும். மிக்சியில் விட்டு விட்டு அரை, மாவு சூடேறக் கூடாது.

பச்சைப்பயறு மாதிரி சோளத்தை முளைகட்டிப் பச்சையாகத் தின்னாதே. இளம் முளையில் சயனைடு உண்டாக்கும் பொருள் இருக்கிறது. ஆடுமாடுகளை இளஞ்சோளத் தட்டில் மேய விடாததும் அதனால்தான்.

அன்புடன்,
அம்மா