வைவா முடிந்த கையோடு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

நேற்று என் பிஎச்டி வைவா (வாய்மொழித் தேர்வு) நல்லபடியாக முடிந்தது. சோலார் பேனல் வரிசையின் மின்னழுத்தத்தை 600 வோல்ட்டாக உயர்த்தி, இன்வர்ட்டர் வழியாகப் பம்புசெட் மோட்டாரை ஓட்டுவதுதான் ஆய்வு. ஆய்வேட்டின் அட்டையில் என் பெயர் மட்டும் இருப்பது மனதை உறுத்துகிறது.

லேப் உதவியாளர் அண்ணே, முதல் நன்றி உங்களுக்கு. சிமுலேஷனில் ஒழுங்காக ஓடிய இன்வர்ட்டர், மேசையில் 400 வோல்ட்டைத் தாண்டினாலே, உள்ளே ஸ்விட்சாக வேலை செய்யும் ஐஜிபிடி வெடிக்கும். ஒரு ஸ்விட்ச் அணைந்து இன்னொன்று ஆன் ஆவதற்கு விடும் இடைவெளியான டெட் டைமை 3 மைக்ரோ செகண்டு வரை கூட்டியும் பயனில்லை. ஒரு நாள் நீங்கள் குனிந்து பார்த்துவிட்டு, "கேட்டுக்கு எதுக்குத் தம்பி இவ்வளவு நீள வயரு?" என்றீர்கள். கேட் என்பது ஐஜிபிடியை ஆன், ஆஃப் செய்யும் முனை. நீள வயரின் இண்டக்டன்சால் (கரண்ட் மாறுவதைத் தடுக்கும் தன்மை) கேட் சிக்னல் அலைபாய்ந்து, ஒரே லெக்கில், அதாவது மேலும் கீழுமாக இருக்கும் ஸ்விட்ச் ஜோடியில், மேல் ஸ்விட்ச் ஆன் ஆகும்போது கீழ் ஸ்விட்சும் ஆன் ஆகி ஷார்ட் ஆகியிருக்கிறது. விரல் நீளத்துக்கு வெட்டி, இரண்டு வயரையும் முறுக்கி, நீங்களே சால்டர் வைத்தீர்கள். அன்று மாலை 600 வோல்ட்டில் மோட்டார் சுற்றியது. சப்ளையை அணைத்த பிறகும், மல்டிமீட்டரில் கெபாசிட்டர் வோல்ட்டேஜ் இறங்கும்வரை என்னைக் கைவைக்க விடமாட்டீர்கள். நான் முழுசாக இருப்பதற்கும் சேர்த்து நன்றி.

கைடு மேடம், பேனல் வோல்ட்டேஜை உயர்த்தும் பூஸ்ட் கன்வர்ட்டரில் டியூட்டியை (ஸ்விட்ச் ஆனில் இருக்கும் நேர விகிதம்) கூட்டினால் வெளியீட்டு வோல்ட்டேஜ் முதலில் இறங்கி அப்புறம்தான் ஏறியது. சென்சார்தான் கோளாறு என்று இரண்டு மாதம் அலைந்தேன். "ஸ்விட்ச் கூடுதல் நேரம் ஆன்ல இருந்தா, அந்த நேரத்துல கெபாசிட்டருக்கு யாருப்பா கரண்ட் தருவா?" என்று ஒரே கேள்வி கேட்டீர்கள். கோளாறு சென்சாரில் இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. வோல்ட்டேஜைச் சரிபார்த்துத் திருத்தும் கன்ட்ரோல் லூப்பை நிதானமாக்கி, உள்ளே வேகமான கரண்ட் லூப்பை வைத்த பிறகுதான் எனக்கு உறக்கம் வந்தது.

ரிச்சி தெரு எலக்ட்ரானிக்ஸ் கடைக்கார அண்ணாச்சி, ஐஜிபிடி வெடிக்க வெடிக்க உங்களிடம்தான் ஓடி வருவேன்; உதவித்தொகை எட்டு மாதம் வராதபோதும் "அடுத்தத எடுத்துட்டுப் போங்க, வந்ததும் குடுங்க" என்றீர்கள். ஐஜிபிடியை உருவாக்கிய ஜயந்த் பாலிகா சென்னையில் பிறந்து, 1969-இல் ஐஐடி மெட்ராஸில் படித்து முடித்தவர் என்று சொன்னதும், கையிலிருந்த ஐஜிபிடி பாக்கெட்டை மறுபடி திருப்பிப் பார்த்தீர்களே, அது என் கண்ணிலேயே நிற்கிறது.

அப்பா, வைவா அன்று கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள். எல்லாம் முடிந்ததும் வராந்தாவில், "மேகம் மூடுனா மோட்டார் நின்னுருமா?" என்று கேட்டீர்கள். தேர்வாளர்கூட அதைக் கேட்கவில்லை. லேசான மேகத்துக்கு நிற்காது அப்பா. வெயில் குறையக் குறைய வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும். அடுத்த மாதம் நம் கிணற்றிலேயே பார்க்கலாம்.