வெறும் எண் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

அயர்லாந்தின் ஷானன் ஆற்றங்கரை ஊர்களுக்கான வாரச் செய்திப் பக்கத்தில் திருப்பலி நேரம், பிங்கோ, விளையாட்டு மன்றத்தின் லாட்டோ எண்கள் எல்லாம் தவறாமல் வருகின்றன. ஆற்றின் நீர்மட்டத்தையும் போடலாம். ஆனால் வெறும் எண்ணாகப் போட்டால் வம்புதான்.

அயர்லாந்துப் பொதுப்பணி அலுவலக இணையதளம் காட்டுவது, ஆற்றில் அந்தந்த இடத்தில் நிறுத்திய அளவுகோலின் சுழியத்திலிருந்து எடுத்த உயரம். ஒரு பாலத்து எண்ணை அடுத்த பாலத்தோடு ஒப்பிட முடியாது. வரைபடங்களில் நில உயரத்தை எண்ணத் தொடங்கும் அடிமட்டமும் இரண்டு உண்டு: பழைய வரைபடங்களின் பூல்பெக் மட்டம், இன்றைய மாலின் ஹெட் மட்டத்தைவிடச் சுமார் 2.7 மீட்டர் தாழ்வு. அதில் 38 மீட்டர் என்றால் இதில் 35.3. வீட்டுத் தரையை ஒன்றிலும் வெள்ளத்தை மற்றொன்றிலும் பார்ப்பவர் மணல்மூட்டை அடுக்குவதற்குள் தண்ணீர் உள்ளே வந்துவிடும்.

எண்ணுடன் அளவுகோல் இருக்கும் இடம், எடுத்த நேரம், போன வார அளவு மூன்றையும் அச்சிடுங்கள். ஷானன் சரிவு குறைந்த ஆறு. மழை விட்ட பிறகும் ஏறும். ஏறுகிறதா, இறங்குகிறதா என்று தெரிந்தால்தான் கரைப் புல்வெளியில் மேயும் மாடுகளை நேரத்தோடு மேட்டுக்கு ஓட்டலாம்.

— ஒரு வாசகர்