டிக்கெட் விலையை யார் முடிவு செய்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையில் கால்பந்து ஆட்டங்களுக்குக் கூட்டம் சேராதது ஏன் என்று தங்கள் நாளிதழின் விளையாட்டுப் பக்கத்தில் அண்மையில் வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். கிரிக்கெட் மோகம், தொலைக்காட்சி, பெயர் சொல்லும்படியான வீரர்கள் இல்லாமை என்று அதில் கூறப்பட்ட காரணங்கள் ஓரளவுக்கு உண்மைதான். ஆனால், கேலரியில் உட்கார்ந்து ஆட்டம் பார்க்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவர்கள் முதலில் சொல்லியிருக்கக்கூடிய இரண்டு குறைகள் அதில் இடம்பெறவில்லை. டிக்கெட் விலை எந்தக் கணக்கில் வைக்கப்படுகிறது என்பது தெரியாதது ஒன்று. கிளப்பில் என்ன நடக்கிறது என்பதே தெரியாதது மற்றொன்று. இவ்விரண்டும் ஒரே குறையின் இரண்டு முகங்கள் என்பது என் எண்ணம்.

நான் வியாசர்பாடிக்காரன். பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஐ.சி.எஃப்., தெற்கு ரயில்வே, இந்தியன் வங்கி என்று நிறுவனங்களின் அணிகள் சென்னை லீக்கில் ஆடிய நாட்களில் ஷிஃப்ட் முடிந்ததும் மைதானத்துக்கு ஓடியவர்களில் நானும் ஒருவன். அந்த அணிகளை யார் நிர்வகித்தார்கள் என்று நாங்கள் கேட்டதில்லை. கேட்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை. கோல் போஸ்ட்டின் முன் நிற்பவர் மறுநாள் காலை நம்மோடு அதே கேன்டீனில் வரிசையில் நிற்பார்; சரியாக ஆடவில்லை என்றால் நேரிலேயே கேட்டுவிடலாம். இன்றைய கிளப்புகளில் அந்த கேன்டீன் வரிசைக்கு ஈடாக எதுவும் இல்லை.

விலையைப் பற்றி முதலில் சொல்கிறேன். சேப்பாக்கத்தில் ஐ.பி.எல். ஆட்டத்துக்கு மிகக் குறைந்த டிக்கெட்டே 1,700 ரூபாய் என்று விற்ற ஊரில், கால்பந்து டிக்கெட் சில நூறு ரூபாய்தானே, இதற்கா இவ்வளவு பேச்சு என்று நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். இந்த ஒப்பீடு பொருந்தாது. சேப்பாக்கத்துக்குப் போகிறவரில் பெரும்பாலோர் ஆண்டுக்கு ஒருமுறை, திருவிழாவுக்குப் போவதைப் போலப் போகிறார்கள். கால்பந்து கிளப்புக்கோ அதே ஆள், அதே கேலரிக்கு, ஒவ்வொரு உள்ளூர் ஆட்டத்துக்கும் திரும்பத் திரும்ப வர வேண்டும். மேளம் அடித்துத் தொண்டை கிழியக் கத்த வேண்டும். அணி தோற்றாலும் அடுத்த வாரம் வர வேண்டும். ஒருமுறை கொடுப்பவருக்கு வைக்கும் விலையையும் பன்னிரண்டு முறை கொடுப்பவருக்கு வைக்கும் விலையையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. டிக்கெட்டோடு செலவு முடிவதும் இல்லை. ஓட்டேரியிலிருந்தோ கொருக்குப்பேட்டையிலிருந்தோ ஒருவர் இரண்டு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பெரியமேட்டில் இருக்கும் நேரு ஸ்டேடியத்துக்கு வந்தால், மூன்று டிக்கெட், செயலிக்காரர்கள் பிடித்துக்கொள்ளும் சேவைக் கட்டணம், மைதானத்துக்குள் வெளிக்கடை விலையைவிடக் கூடுதலாக விற்கப்படும் தண்ணீரும் சமோசாவும், ஆட்டம் முடிந்து இரவு பத்து மணிக்குப் பேருந்து கிடைக்காவிட்டால் ஆட்டோ என்று எல்லாம் சேர்ந்து ஒரு நாள் கூலியைத் தின்றுவிடுகிறது.

என் சொந்த அனுபவம் ஒன்று. எந்த ஆட்டம், யார் நடத்தியது என்பதெல்லாம் இங்கே முக்கியமில்லை. பேரன் ஆசைப்பட்டான் என்று ஒரு மாலை அவனை அழைத்துச் சென்றேன். டிக்கெட்டைக் கைப்பேசியில்தான் வாங்க முடியும் என்றார்கள். மருமகளின் உதவியோடு வாங்கினேன். மைதானத்துக்குப் போனால், கைப்பேசியில் வந்ததைக் காட்டி வேறொரு வாசலில் இருக்கும் கவுண்டரில் காகித டிக்கெட்டாக மாற்றி வர வேண்டும் என்றார்கள். மாற்றி வந்தால், ஹெல்மெட்டை உள்ளே கொண்டுபோகக் கூடாது என்றார்கள். எங்கே வைப்பது என்று கேட்டதற்கு யாரிடமும் பதில் இல்லை. சட்டைப் பையிலிருந்த சில்லறைக் காசுகளையும் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தபோது ஸ்கோர் போர்டில் 1-0 என்று இருந்தது. காசு கொடுத்துப் போன அந்த ஆட்டத்தின் ஒரே கோலை என் பேரன் பார்க்கவில்லை. இதைப் புகாராக எழுதி அனுப்ப ஒரு முகவரி தேடினேன். கிடைத்தது ஒரு தானியங்கிப் பதில் மட்டுமே.

ஆட்டத்துக்கு ஆட்டம் விலை மாறுவதன் பின்னுள்ள கணக்கும் எனக்குப் புரிவதில்லை. ஓர் எடுத்துக்காட்டு மட்டும் போட்டுப் பார்க்கிறேன். 200 ரூபாய் டிக்கெட்டுக்கு 8,000 பேர் வந்தால் ஓர் ஆட்டத்தின் வசூல் 16 லட்சம். அதையே 300 ரூபாய் ஆக்கி, வருகிறவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நின்றுபோனால், வசூல் அப்போதும் அதே 16 லட்சம்தான். வராமல் போனவர்கள் மட்டும் 2,600-க்கும் மேல். ஆண்டுக்கு 12 உள்ளூர் ஆட்டங்கள் என்று வைத்தாலும் மொத்தம் 2 கோடியைத் தொடாது. ஒரு வெளிநாட்டு வீரரின் சம்பளம், விமானப் பயணம், ஓட்டல் என்று பல கோடிகள் செலவாகும் ஒரு கிளப்பில் இந்தத் தொகை எந்த மூலைக்கு? வாசல் வசூலால் கிளப் பிழைப்பதில்லை என்பது தெளிவாக இருக்கும்போது, அந்த வசூலுக்காக வருகிறவர்களை விரட்டுவது என்ன வணிகம் என்பது எனக்கு விளங்கவில்லை. இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. கூட்டம் இல்லை என்றதும் கடைசி நேரத்தில் பள்ளி, கல்லூரிகளுக்கும் விளம்பரதாரர்களுக்கும் ஓசி பாஸ் அள்ளி வழங்குகிறார்கள். பாதிப் பேர் வருவதில்லை. வருகிறவர்கள் இடைவேளையில் கிளம்பிவிடுகிறார்கள். முந்தைய வாரமே காசு கொடுத்து வாங்கியவன் பக்கத்து இருக்கையைப் பார்த்துத் தன்னை ஏமாளி என்று நினைத்துக்கொள்கிறான். சொல்லப்போனால், விலை கூடுதலாக இருப்பதைவிட இதுதான் ரசிகனை அதிகம் புண்படுத்துகிறது.

இனி நிர்வாகத்துக்கு வருகிறேன். உரிமையாளர்களைக் குறை சொல்வது எளிது. ஐ.எஸ்.எல். என்னும் இந்தியன் சூப்பர் லீக்கில் ஆடும் கிளப்புகள் ஆண்டுதோறும் கோடிக்கணக்கில் நட்டத்தில்தான் ஓடுகின்றன என்பதும், அந்த நட்டத்தைச் சுமப்பவர்கள் உரிமையாளர்கள்தான் என்பதும் எல்லோருக்கும் தெரியும். அந்த லீக்கில் ஆடும் நம் ஊர் அணியான ‘சென்னையின் எஃப்.சி.’ 2015-இலும் 2018-இலும் கோப்பை வென்றதற்கு அவர்களின் பணமும் ஒரு காரணம். 2015 டிசம்பரில் ஊரே வெள்ளத்தில் கிடந்தபோது நம் அணியின் சொந்த மண் அரையிறுதி புணேயில் நடந்தது. கோவாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் கடைசி நிமிடங்களில் நம் அணியின் மெண்டோசா போட்ட கோலை, சேறு இன்னும் காயாத ஒரு டீக்கடையில் நின்று நாங்கள் பார்த்த அந்த இரவை மறக்க முடியாது. 2018-இல் வென்ற அணியின் நடுக்களத்தில் எங்கள் வியாசர்பாடியின் தனபால் கணேஷ் ஆடினார். அந்த நாட்களில் இந்தக் கிளப் யாருடையது என்று எங்கள் தெருவில் கேட்டிருந்தால் எல்லோரும் ‘எங்களுடையது’ என்ற ஒரே பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள்.

ஆனால் அந்தப் பதில் காகிதத்தில் இல்லை என்பது 2025-இல் புரிந்தது. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் 2010-இல் ஒரு வணிக நிறுவனத்தோடு செய்துகொண்ட 15 ஆண்டு வணிக உரிமை ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடியவிருந்தது. அடுத்து என்ன என்பதை யாரும் முடிவு செய்யாத நிலையில், அந்த ஜூலையிலேயே ஐ.எஸ்.எல். சீசன் நிறுத்திவைக்கப்பட்டது. கிளப்புகள் வேலைகளை நிறுத்தின. வீரர்களும் ஊழியர்களும் அந்தரத்தில் நின்றார்கள். புதிய டெண்டருக்கு ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், மத்திய அமைச்சகம் தலையிட்ட பிறகுதான், ஒவ்வோர் அணியும் மற்றோர் அணியோடு ஒருமுறை மட்டும் மோதும் சுருக்கமான சீசனுக்கு வழி பிறந்தது. இத்தனை மாதங்களில் சம்மேளனம், வணிக நிறுவனம், கிளப் உரிமையாளர்கள், வீரர்கள், அரசு என்று எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ரசிகனுக்கு மட்டும் நாற்காலி போடப்படவில்லை. அவன் செய்தித்தாளைப் பார்த்துத்தான் தன் கிளப் இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொண்டான்.

சென்னை சிட்டி எஃப்.சி.யின் கதை இன்னும் வருத்தமானது. பெயரில் சென்னை இருந்தும் கோவையில் ஆடிய அந்த அணி 2019 மார்ச்சில் ஐ-லீக் என்னும் மற்றொரு தேசிய லீக்கின் பட்டத்தை வென்றது. ஸ்விட்சர்லாந்தின் பாசல் கிளப் அதில் 26 விழுக்காடு பங்கு வாங்கியது. 2021-க்குப் பிறகு தேசிய லீக்குகளில் அந்த அணியைக் காணவில்லை. கோவை நேரு ஸ்டேடியத்தில் அன்று திரண்ட பல்லாயிரம் பேரில் ஒருவரிடமாவது, ‘இந்தக் கிளப்பை மூடப்போகிறோம், உங்களால் ஏதாவது செய்ய முடியுமா?’ என்று யாராவது கேட்டிருப்பார்களா?

வெளிநாடுகளில் இதைக் கேட்காமல் விட்டால் ரசிகர்கள் சும்மா இருப்பதில்லை. இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப் 77 பவுண்டு டிக்கெட்டை அறிவித்தபோது, 2016 பிப்ரவரியில் ஆட்டத்தின் 77-ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து வெளியே போனார்கள். சில நாட்களில் கிளப் விலையைத் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு முதல் அந்நாட்டின் முதல்நிலைப் போட்டியான பிரீமியர் லீக்கில் வெளியூர் ரசிகர்களுக்கான டிக்கெட் 30 பவுண்டைத் தாண்டக் கூடாது என்று வரம்பு வந்தது. கிளப்பை வேறு ஊருக்கு மாற்றியதை ஏற்காத விம்பிள்டன் ரசிகர்கள் 2002-இல் தாங்களே ஒரு கிளப்பைத் தொடங்கி, அதை இங்கிலாந்தின் தொழில்முறை லீக் வரை உயர்த்திக் காட்டினார்கள். ஜெர்மனியில், ஒருசில விதிவிலக்குகள் தவிர, கிளப்பின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடமே இருக்க வேண்டும் என்பது விதி. பெயர், சின்னம், சீருடை நிறம், டிக்கெட் விலை போன்றவற்றில் ரசிகர்களோடு கலந்து பேச வேண்டிய கடமையை இங்கிலாந்து 2025-இல் சட்டமாகவே ஆக்கிவிட்டது.

ஜெர்மனியின் விதியை அப்படியே சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நட்டத்தை ஒருவர் சுமக்க, வாக்கை இன்னொருவர் வைத்துக்கொள்வது இங்கே நடக்காது, கேட்பதும் நியாயமில்லை. ஆனால் நமக்கு வேறொரு பிடி இருக்கிறது. 1993-இல் கட்டப்பட்ட சென்னை நேரு ஸ்டேடியம் எந்த உரிமையாளருக்கும் சொந்தமானதல்ல. அது தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் பொறுப்பில் இருக்கும் மக்கள் சொத்து. மைதானத்தை வாடகைக்கு விடும்போது அந்த ஒப்பந்தத்திலேயே சில நிபந்தனைகளை எழுதிவிடலாம். சீசன் தொடங்கும் முன்பே எல்லா ஆட்டங்களுக்குமான விலைப் பட்டியலை வெளியிட வேண்டும். இடையில் உயர்த்தக் கூடாது. பெரியவரோடு வரும் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாதிக்கும் குறைவான விலை வேண்டும். ரொக்கத்துக்கு டிக்கெட் தரும் கவுண்டர், மைதானத்தில் ஒன்றும் வடசென்னையில் ஒன்றுமாவது இருக்க வேண்டும். இவற்றைவிட முக்கியமாக, ஆண்டுக்கு ஒருமுறை கிளப் நிர்வாகம் ரசிகர்களை அழைத்து, தமிழில், வரவு செலவைச் சொல்லி, கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். பி ஸ்டாண்ட் புளூஸ், சூப்பர் மச்சான்ஸ் என்று ஒழுங்காக இயங்கும் ரசிகர் குழுக்கள் ஏற்கெனவே இருக்கும்போது, யாரை அழைப்பது என்று தேட வேண்டியதும் இல்லை. இதற்கெல்லாம் நிர்வாகத்துக்கு ஆகும் செலவு ஒரு மண்டபத்தின் வாடகையும் இரண்டு மணி நேரப் பொறுமையும்தான். இரண்டாவதுதான் கிடைப்பது அரிது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கேட்டால் என்ன நடந்துவிடும் என்று எங்கள் தெரு இளைஞர்கள் சலித்துக்கொள்கிறார்கள். 2025 அக்டோபர் இறுதியில், மாநகராட்சியின் செயற்கைப் புல்தரைக் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஆடுகிறவர்களிடம் மணிக்கு 120 ரூபாய் வசூலிக்கும் தீர்மானம் மாமன்றத்தில் நிறைவேறியதை அவர்களுக்கு நினைவூட்டினேன். வடசென்னையின் பிள்ளைகள் காசில்லாமல் ஆடுகிற திடல்கள் அவை. எதிர்ப்பு கிளம்பியதும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. இன்றும் அங்கே மாலையில் கட்டணமின்றி பந்து உருள்கிறது.

தங்கள் நாளிதழால் ஆகக்கூடிய உதவி ஒன்றும் உண்டு. கிரிக்கெட் ஆட்டத்துக்கு டிக்கெட் விற்பனை எந்த நாளில், எத்தனை மணிக்கு, என்ன விலையில் தொடங்குகிறது என்பதைத் தாங்கள் முதல் பக்கத்திலேயே வெளியிடுகிறீர்கள். இனிச் சென்னையில் நடக்கும் ஒவ்வொரு கால்பந்து ஆட்டத்துக்கும், சென்னை சீனியர் டிவிஷன் லீக் ஆட்டங்கள் உட்பட, இடம், நேரம், டிக்கெட் விலை, சென்ற ஆட்டத்தின் விலை, கவுண்டர் இருக்கும் வாசல் எண் ஆகியவற்றை விளையாட்டுப் பக்கத்தின் ஒரு மூலையில் வெளியிட வேண்டுகிறேன். சென்ற ஆட்டத்தின் விலையும் பக்கத்தில் அச்சாகிறது என்று தெரிந்தாலே, விலை வைப்பவர்கள் ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
வியாசர்பாடி, சென்னை - 39.